திரைக்கு இந்தப் பக்கம் அமர்ந்திருப்பவர் யார்? மலை ஒன்றியம் ஒன்றுக்கான தொலைமருத்துவத் தெரிவுகள்

மலை ஒன்றியம் ஒன்றின் மருத்துவ வசதிக்காக ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியோ ஊர் அறக்கட்டளையின் சேமிப்போ கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவமனை கட்ட அந்தத் தொகை போதாது. ஆனால் ஒன்றும் செய்ய இயலாத அளவுக்குச் சிறியதும் அல்ல. இப்படிப்பட்ட தொகை இருக்கிறது என்று தெரிந்தவுடன் வந்து நிற்கும் திட்டங்களில் பெரும்பாலானவை மின்னணுத் தொழில்நுட்பத் திட்டங்களாகவே இருக்கும். வீட்டிலிருந்தே மருத்துவருடன் பேச ஒரு செயலி, துணை சுகாதார நிலையத்தில் காணொளி ஆலோசனை, கர்ப்பிணிகளுக்கு வாரந்தோறும் குரல் அழைப்பு, செவிலியர் கையில் நோயாளிப் பதிவேடு, கண்ணைப் படமெடுத்து நோய் கண்டறியும் செயற்கை நுண்ணறிவுக் கருவி என்று அவற்றின் பட்டியல் நீளும். இவை எல்லாவற்றையும் ‘தொலைமருத்துவம்’ என்ற ஒரே பெயரால் அழைப்பதால் ஒன்றுக்கு ஒன்று மாற்று என்ற எண்ணம் நமக்கு எழுகிறது. அந்த எண்ணம் தவறு. ஒவ்வொன்றும் வேறொரு தடையை அகற்றுவதற்காகப் பிறந்தது. நம் மலையில் அந்தத் தடைதான் பெரியதா என்று பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது.

அந்தத் தடையை அளப்பதற்கு ஓர் எளிய வழி உண்டு. உயர் ரத்த அழுத்தம் உள்ள ஒரு பெண் மலையிலிருந்து இறங்கி மருத்துவரைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினால் என்னென்ன செலவாகிறது என்று எழுதிப் பார்க்கலாம். அவருடைய ஒரு நாள் கூலி, துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலி, இருவரின் பேருந்துக் கட்டணம், சாப்பாடு, மாத்திரை தீர்ந்ததும் இதே செலவு மீண்டும் ஒரு முறை என்று கணக்கு நீளும். இந்த நீண்ட கணக்கில் மருத்துவர் பேசும் நேரம் சில நிமிடங்கள் மட்டுமே. அந்தச் சில நிமிடங்களை மட்டும் கைபேசிக்குள் கொண்டுவந்துவிட்டு, அழுத்தத்தை அளப்பதையும் மாத்திரை கொடுப்பதையும் மறுமாதம் அவரை நினைவாக அழைப்பதையும் பழைய இடத்திலேயே விட்டுவிட்டால் அவர் மலையிறங்கியே ஆக வேண்டும். எனவே எந்தத் திட்டம் வந்தாலும் நான் இரண்டு கேள்விகளை முதலில் கேட்பேன்: திரைக்கு இந்தப் பக்கம், நோயாளியின் அருகில், அமர்ந்திருப்பவர் யார்? திரை அணைந்த பிறகு மாத்திரை எங்கிருந்து வரும்?

முதலில், வீட்டிலிருந்து நேரடியாக மருத்துவருடன் பேசும் முறை. இந்தியாவில் இதன் அரசு வடிவம் இ-சஞ்சீவனி. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் மொஹாலி மையம் உருவாக்கிய இச்சேவை, 2019 நவம்பரில் ஒரு சுகாதார நிலையத்திலிருந்து இன்னொரு நிலையத்தின் மருத்துவரைக் கலந்து பேசும் ஏற்பாடாகத் தொடங்கியது. நோயாளி வீட்டிலிருந்தே பேசும் பிரிவு 2020 ஏப்ரல் 13 அன்று, ஊரடங்கின் நடுவில் சேர்க்கப்பட்டது. அதற்கு ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு முன்பு, மார்ச் 25 அன்றுதான், தொலைவிலிருந்து மருத்துவம் பார்ப்பதற்கான தேசிய வழிகாட்டு நெறிமுறைகள் வெளியாகின. கட்டணம் இல்லாத இச்சேவையால் பயனடைந்தோர் உண்டு. சளி, தோல் அரிப்பு, ஏற்கனவே பார்த்த மருத்துவரிடம் ஒரு சிறு சந்தேகம் போன்றவற்றுக்கு இது போதுமானது.

ஆனால் மலைக்கு இதைக் கொண்டுவரும்போது இரண்டு சிக்கல்கள் எழுகின்றன. ஒன்று, 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கிராமப்புறப் பெண்களில் 24.6 விழுக்காட்டினரே ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்தியவர்கள். தமிழ்நாட்டில் நகரத்தையும் கிராமத்தையும் சேர்த்துப் பார்த்தாலும் அது 46.9 விழுக்காடுதான். அதன் பின் நிலைமை முன்னேறியிருக்கும் என்றாலும், வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் காலையில் மகனோடு வேலைக்குப் போய்விடுகிறது என்பதை எந்தச் செயலியாலும் மாற்ற முடியாது. மற்றொன்று பலரும் கவனிக்காதது. அந்த நெறிமுறைகள் மருந்துகளைப் பட்டியல்களாகப் பிரிக்கின்றன. பாராசிட்டமால், உப்புச் சர்க்கரைக் கரைசல் போன்றவற்றை எந்த வழியில் பேசினாலும் பரிந்துரைக்கலாம். அடுத்த பட்டியலில் உள்ளவற்றை முதல் ஆலோசனையிலேயே எழுத வேண்டுமானால் காணொளி கட்டாயம். ஆகவே, குரல் மட்டும் விட்டுவிட்டுக் கேட்கும் ஊரில் முதன்முறை பேசும் நோயாளிக்கு மருத்துவர் எழுதித் தரக்கூடியது மிகக் குறைவு. சிக்னல் இல்லாத இடத்தில் மருத்துவச் சட்டமும் சுருங்கிவிடுகிறது.

இருப்பினும் இந்த முறையை முற்றிலும் தள்ளிவிட மாட்டேன். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒருவர் அருகில் அமர்ந்திருப்பதே தடையாகிவிடும் நோய்களும் உண்டு. மனநலம், பாலுறவு நோய்கள், கருத்தடை ஆகியவற்றில் கதவைச் சாத்திக்கொண்டு முகம் தெரியாத ஒருவரிடம் பேசுவதற்கு ஈடு கிடையாது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ், 14416 என்ற எண்ணில் சாதாரண அழைப்பாகவே இயங்குவதால், அதற்கு இணையம்கூட வேண்டியதில்லை. இதற்கு நம் நிதி தேவைப்படாது. அந்த எண்ணைப் பள்ளிச் சுவரிலும் ரேஷன் கடையிலும் எழுதி வைக்கும் செலவு மட்டும்தான்.

இரண்டாவது, அருகில் பயிற்சி பெற்ற ஒருவர் அமர்ந்திருக்க, தொலைவில் மருத்துவர் இருக்கும் முறை. இதற்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையங்களைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம்மிடம் இல்லை. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அந்த நிறுவனம், கிராமங்களில் கண் முகாம்கள் நடத்தியும் தேவைப்படுவோரில் பலர் முகாமுக்கு வருவதில்லை என்பதைக் கண்டு, 2000களின் நடுப்பகுதியில் தேனி மாவட்டச் சிற்றூர்களில் நிரந்தர மையங்களைத் திறந்தது. அங்கே நல்ல இணைய இணைப்பு இல்லாததால், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து, சாதாரண வைஃபை கருவிகளையே திருத்தி, கோபுரத்திலிருந்து கோபுரத்துக்குப் பல கிலோமீட்டர் தூரம் காணொளியைக் கடத்தினார்கள். இன்று அம்மையங்கள் நூற்றைத் தாண்டிவிட்டன.

வியப்பைத் தருவது அந்த வைஃபைதான் என்றாலும் வெற்றிக்குக் காரணம் அது அல்ல என்பது என் கருத்து. கிராமத்துப் பெண்ணாகவே இருந்து பயிற்சி பெற்ற கண் தொழில்நுட்பப் பணியாளர் நோயாளியின் பார்வையைச் சோதிக்கிறார். ஸ்லிட் லேம்ப் கருவியில் கண்ணின் முன்பகுதியைப் பார்த்துப் படமெடுக்கிறார். மருத்துவர் திரையில் தோன்றும் நேரத்தில் பாதி வேலை முடிந்திருக்கிறது. கண்ணாடி தேவை என்றால் அங்கேயே அளவெடுத்துத் தரப்படுகிறது. கண்புரை என்றால் மட்டும் பேருந்து ஏறி மருத்துவமனைக்குப் போக வேண்டும். திரை அணைந்த பிறகு என்ன நடக்கும் என்ற கேள்விக்கு அந்த மையத்துக்குள்ளேயே விடை இருக்கிறது. கண்நோய்க்கு இன்னொரு வசதியும் உண்டு: கண்ணில் உள்ள கோளாறு படத்தில் தெரியும். வயிற்று வலிக்கு அப்படி இல்லை. வயிற்றை அழுத்திப் பார்க்கும் விரல்களைக் காணொளியில் அனுப்ப முடியாது. கண்ணில் வென்ற முறை எல்லா நோய்க்கும் வெல்லும் என்று விற்க வருபவரிடம் இதை நினைவூட்ட வேண்டும்.

அரசின் இ-சஞ்சீவனியிலும் பெருவழியாக அமைந்தது இந்த முறையே. 2023 பிப்ரவரியில் அது 10 கோடிப் பயனாளிகளைக் கடந்தபோது, ஏறத்தாழ 1,15,000 நலவாழ்வு மையங்கள் கிளைகளாகவும் 15,700க்கும் மேற்பட்டவை மருத்துவர் அமரும் மையங்களாகவும் இணைந்திருந்தன; பயனாளிகளில் 57 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பெண்கள். இணையம் பயன்படுத்தும் பெண்கள் குறைவாக இருக்கும் நாட்டில் இந்த எண் எப்படி வந்தது என்று வியக்க வேண்டியதில்லை. கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு, ரத்த அழுத்தத்தை அளந்து, மருத்துவருக்கு நோயை எடுத்துச் சொல்ல ஒருவர் கிளை மையத்தில் இருந்ததுதான் பெருமளவு காரணம் என்று நான் கருதுகிறேன். தமிழ்நாட்டில் அந்த இடத்தில் இருப்பவர்கள் இடைநிலை சுகாதாரப் பணியாளர்கள். நம் மலையின் துணை சுகாதார நிலையத்தில் அந்தப் பணியிடம் நிரம்பியிருக்கிறதா, அவர் வாரத்தில் எத்தனை நாள் அங்கே இருக்கிறார், அலமாரியில் எத்தனை வகை மாத்திரைகள் உள்ளன என்று தெரிந்துகொள்வது கணினி எந்த நிறுவனத்துடையது என்று கேட்பதைவிட முக்கியம். பணியாளர் இல்லாத நிலையத்துக்குக் காணொளிக் கருவி வாங்கித் தருவது பூட்டிய வீட்டுக்கு விளக்கு வாங்குவது போன்றது.

மூன்றாவது, குரல் செய்திகள். இதில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. 2016 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய கில்காரி, கர்ப்பத்தின் நான்காம் மாதம் முதல் குழந்தைக்கு ஒரு வயதாகும் வரை வாரம் ஒரு அழைப்பாக 72 செய்திகளை அனுப்புகிறது. தென்னாப்பிரிக்காவின் மாம்கனெக்ட் 2014 முதல் குறுஞ்செய்தி வழியே இதே பணியைச் செய்கிறது. செலவு மிகக் குறைவு. சாதாரணக் கைபேசி போதும். ஆனால் மத்தியப் பிரதேசத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடையே கில்காரியைச் சோதித்த ஆய்வில், கருத்தடை முறைகளைப் பயன்படுத்துவது சற்றுக் கூடியதே தவிர, தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் பழக்கத்தில் மாற்றம் காணப்படவில்லை. செய்தி அறிவைத் தரும். பேருந்துக் கட்டணத்தைத் தராது. அரசே நடத்தும்போது நாம் தனியாக ஒன்று தொடங்குவதில் பொருள் இல்லை.

நான்காவது முறையில் மருத்துவர் திரையில் தோன்றுவதே இல்லை. அதனால் திறப்பு விழாவுக்கு இது அழகாக இராது. நிதி தருபவர்களுக்கு இதில் ஆர்வம் குறைவாக இருப்பதற்கும் அதுவே காரணமோ என்று எனக்கு ஐயம் உண்டு. செவிலியரோ தன்னார்வலரோ தம் கைபேசியில் ஒவ்வொரு நோயாளியின் அளவையும் மாத்திரையையும் பதிவார். குறித்த நாளில் வராதவர்களின் பட்டியலைச் செயலி தானே எடுத்துக் காட்டும். அவர் அந்தப் பட்டியலைப் பார்த்துக் கூப்பிடுவார் அல்லது வீட்டுக்குப் போவார். இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி 2017இன் இறுதியில் தொடங்கியபோது அதனுடன் வளர்ந்த சிம்பிள் என்ற செயலி இவ்வகையில் நன்கு அறியப்பட்டது. அதன் நிரல் திறந்தமூலமாக, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி, வெளியிடப்பட்டிருக்கிறது. இந்தியாவுக்கு அப்பால் வங்கதேசத்திலும் எத்தியோப்பியாவிலும் பயன்படுகிறது. பெயருக்கேற்றபடி அது செய்வது மிகச் சில வேலைகள்தான். நாள் முழுக்க நோயாளிகளைப் பார்க்கும் செவிலியருக்குப் பத்துப் பக்கம் நிரப்பச் சொல்லும் மென்பொருள் சுமை என்பதைப் புரிந்தவர்கள் செய்த செயலி அது. கிராம சுகாதார செவிலியர்களிடம் பேசிப் பார்த்தவர்களுக்கு, ஒரே தகவலை நோட்டிலும் கணினியிலும் கைபேசியிலும் மாற்றி மாற்றி எழுதும் அலுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் இம்முறைக்கு ஏற்கனவே ஒரு தடம் உண்டு. 2020இல் நடந்த மாநில அளவிலான ஆய்வில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினருக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. மருத்துவர் இல்லாமையால் மட்டும் வந்த எண்கள் அல்ல இவை. அரசு மருத்துவமனைகளில் மாத்திரை இலவசம்தான். தெரியாமல் இருந்தவர்கள் ஒரு பகுதி. தெரிந்தும் மாதாமாதம் வரிசையில் நிற்க முடியாமல் விட்டவர்கள் இன்னொரு பகுதி. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இந்த இரண்டாம் பகுதியைக் குறிவைத்தது: மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீடு தேடிச் சென்று அளந்து, மாத்திரையை வீட்டிலேயே தருகிறார். இயன்முறை சிகிச்சையும் நோய்த் தணிப்புச் சிகிச்சையும் அதில் சேர்ந்தன. 2024இல் அத்திட்டம் ஐக்கிய நாடுகள் அவையின் விருதையும் பெற்றது. மேலே சொன்ன பேருந்துக் கணக்கை மொத்தமாக அடித்துப்போடும் முறை இது ஒன்றே.

இதற்கும் குறை உண்டு. தன்னார்வலர் அளப்பார், தருவார். அளவு ஏறிக்கொண்டே போனால் மாத்திரையை மாற்றும் உரிமை அவருக்குக் கிடையாது. அந்த இடத்தில் இரண்டாவது முறையின் காணொளி தேவைப்படுகிறது. பதிவேடு யாருக்கு மருத்துவர் தேவை என்று சொல்ல, துணை சுகாதார நிலையம் அவரை மருத்துவருடன் இணைக்க, மாற்றிய மாத்திரை மீண்டும் தன்னார்வலர் பையில் வீட்டுக்கு வருவது என்ற சுற்றில், விலை உயர்ந்த பகுதி எதுவும் இல்லை. மனிதர்கள்தாம் வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுக் கண் பரிசோதனையைப் பற்றிப் பலர் கேட்பதால் அதையும் பார்த்துவிடலாம். சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைப் படத்தில் கண்டறியும் கூகுளின் மென்பொருளை உருவாக்கியதில் அரவிந்த், சங்கர நேத்ராலயா உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகளின் படங்களுக்கும் பங்கு உண்டு. ஆய்வகத்தில் அதன் துல்லியம் மிக நன்று. அதையே தாய்லாந்தின் 11 மருத்துவ நிலையங்களில் பயன்படுத்தியபோது, எடுத்த 1,838 படங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தரமில்லை என்று மென்பொருள் ஏற்க மறுத்தது. படமெடுக்க இருட்டறை இல்லை. இணையம் மெதுவாக இருந்ததால் வரிசை நீண்டது. படம் ஏற்கப்படாதவர் தொலைவிலுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்ற விதியால், நோயே இல்லாதவருக்கு வீண் அலைச்சல் வருமே என்று சில செவிலியர்கள் இந்தச் சோதனையில் சேர வேண்டாம் என்றே நோயாளிகளிடம் சொன்னார்கள். நம் ஊர்ச் செவிலியரும் அப்படியே செய்திருப்பார். பார்வை மையமும் இருட்டறையும் மருத்துவமனைக்கு ஒழுங்கான பாதையும் உள்ள இடத்தில் இக்கருவி நல்ல கூட்டாளி. எதுவும் இல்லாத இடத்தில் இது முதல் செலவாக இருக்கக் கூடாது.

ஆளில்லா வானூர்தியில் மருந்து அனுப்புவதைப் பற்றி ஒரு வரி போதும்: 2016 முதல் ருவாண்டாவில் ஜிப்லைன் நிறுவனம் ரத்தத்தைப் பறக்கவிட்டதால் காலாவதியாகி வீணாகும் ரத்தம் பெருமளவு குறைந்தது உண்மை. ஆனால் அது நாடு தழுவிய அரசு ஒப்பந்தம், ஓர் ஒன்றியத்தின் நிதிக்கு எட்டாதது.

அதே ருவாண்டாவிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொரு அனுபவம். பேபில் என்ற பெயரில் 2016இல் அங்கே தொடங்கிய தொலைபேசி மருத்துவச் சேவை, முதல் முறையின் குறைகள் பலவற்றைச் சரியாகவே தீர்த்திருந்தது. சாதாரணக் கைபேசியில் பதியலாம். முதலில் செவிலியர் பேசுவார், தேவையெனில் மருத்துவர். மருந்துக்கான குறியீடு குறுஞ்செய்தியாக வரும். அதைக் காட்டி மருந்தகத்தில் வாங்கிக்கொள்ளலாம். சமூகக் காப்பீடும் அதை ஏற்றது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்திருந்தனர். 2020இல் அரசுடன் பத்தாண்டு ஒப்பந்தமும் கையெழுத்தானது. அதன் தாய் நிறுவனமான லண்டனின் பேபிலான் 2021இல் நியூயார்க் பங்குச் சந்தையில் நுழைந்து, 2023இல் சரிந்தது. ருவாண்டாவின் சேவையும் அத்துடன் நின்றது. நோயாளிகளோ செவிலியர்களோ அரசோ செய்த தவறு எதுவும் அதில் இல்லை. சேவையின் உயிர் கடல் கடந்த ஒரு கணக்குப் புத்தகத்தில் இருந்தது. திறந்தமூலச் செயலியும் அரசுப் பணியாளரும் சேர்ந்த முறையில் இந்த ஆபத்து மிகவும் குறைவு என்பதும் நான் நான்காவது முறையின் பக்கம் சாய்வதற்கு ஒரு காரணம். தனியார் சேவையை வாங்கியே ஆக வேண்டும் என்றால், நிறுவனம் விலகும் நாளில் நோயாளிப் பதிவுகளைப் படிக்கக்கூடிய வடிவில் சுகாதார நிலையத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்ற விதியை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

ஆக, என்னிடம் கேட்டால் பணத்தை இந்த வரிசையில் செலவிடச் சொல்வேன். முதலில் மாவட்ட சுகாதார அலுவலகத்துடன் பேசி, ஒன்றியத்தில் உள்ள தன்னார்வலர்கள், இடைநிலைப் பணியாளர்கள், காலிப் பணியிடங்கள் ஆகியவற்றின் நிலையை அறிந்து, நோயாளிப் பதிவேடும் வராதவர் பட்டியலும் ஒழுங்காக நடக்கத் தேவையானதைத் தர வேண்டும்: சரிபார்த்த ரத்த அழுத்தக் கருவிகள், சர்க்கரை அளக்கும் பட்டைகள், தேவையானால் கூடுதலாக இரண்டு பெண்களுக்கான ஊதியம். அது ஓராண்டு நடந்த பிறகு, பணியாளர் உறுதியாக இருக்கும் ஒன்றிரண்டு துணை சுகாதார நிலையங்களில் காணொளி ஆலோசனைக்கு இணைப்பும் மின்சாரம் போனால் தாங்கும் பேட்டரியும். கண்ணுக்கு, அருகிலுள்ள கண் மருத்துவமனை பார்வை மையம் திறக்க முன்வந்தால் இடமும் வாடகையும் தரலாம். நாமே தொடங்க முயலக் கூடாது. மலையில் பிரசவ அவசரங்களே பெரிய துயரம் என்று ஊர் சொன்னால், இந்த வரிசை முழுதும் மாறும். அப்போது செயலியை விட்டுவிட்டு வண்டியையும் பிரசவ காலத்துக்கு முன் தங்கும் இடத்தையும் பற்றிப் பேச வேண்டும்.

செலவுப் பட்டியலில் சிறியதாகத் தோன்றி, பலமுறை விடுபட்டுப்போகும் ஒன்றையும் இப்போதே சேர்த்துக்கொள்வது நல்லது. தன்னார்வலர் பதிவதும் கூப்பிடுவதும் அவருடைய சொந்தக் கைபேசியிலிருந்து என்றால், அவருடைய மாத ரீசார்ஜுக்கான தொகை.